டிரமடால் மாத்திரையை நிறுத்தப் போறீங்களா? எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள்

டிரமடால் அபின் குடும்பத்து வலி மாத்திரை. இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாளைக்கு. நான் சாப்பிட்டது இரண்டு வருஷம் இரண்டு மாசம். கடைசியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தையல் மிஷினில் உட்காருகிறவளுக்கு இடுப்பு வலி என்பது கூலி போகிற வலி. மாத்திரை போட்டால் வலி மட்டுமா போகும், மனசில் இருக்கிற பாரமும் சேர்ந்து இறங்கும். அந்த இரண்டாவதுதான் ஆளைப் பிடித்துக்கொள்ளும். இதை வெளியே சொல்லப் பயந்து முதலில் தனியாகவும், அப்புறம் ஒரு மையத்திலும் நிறுத்திப் பார்த்தேன், இரண்டு தடவை கீழே விழுந்தேன். ஒரு தடவை நிஜமாகவே விழுந்து தலையில் நாலு தையல். என் கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் எந்த மருந்து என்ன செய்யும், எங்கே சறுக்கும் என்பதுதான்.

முதலில் உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். நிறைய பேர் சாப்பிடுவது தனி டிரமடால் இல்லை. டிரமடால் 37.5 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரை. நான் சாப்பிட்ட பன்னிரண்டைக் கணக்குப் போட்டால் டிரமடால் 450 மி.கி., பாரசிட்டமால் 3,900 மி.கி. டிரமடால் ஒரு நாளைக்கு 400 மி.கி.-ஐத் தாண்டினால் வலிப்பு வருகிற ஆபத்து ஏறும். பாரசிட்டமாலுக்கு வளர்ந்த ஆளின் மேல் எல்லை 4 கிராம், அதையும் மாசக்கணக்கில் தொடக்கூடாது. நான் அந்த எல்லையில் நின்றுகொண்டு, மாத்திரையை நிறுத்துகிற நாளில் உடம்பு வலிக்கு இன்னும் நாலு பாரசிட்டமால் தனியாக வாங்கிப் போட்டேன். கல்லீரல் தப்பியது அதிர்ஷ்டம். நிறுத்துவதற்கு முன்னாடியே கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் காசே ஆகாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சாதாரண டிரமடால் என்றால் கடைசி மாத்திரைக்குப் பிறகு பன்னிரண்டிலிருந்து இருபத்திநாலு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். முதல் அடையாளம் கொட்டாவி. தூக்கம் வராத கொட்டாவி, அடுத்தடுத்து. அப்புறம் மூக்கு ஒழுகும், கண்ணில் தண்ணி, சளி பிடித்த மாதிரியே இருக்கும். கோழித்தோல் மாதிரி உடம்பு புல்லரிக்கும். வியர்த்துக்கொண்டே குளிரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சம். வயிற்றைப் பிடித்து முறுக்கி வயிற்றுப்போக்கு, வாந்தி, ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல். காலை எங்கே வைத்தாலும் நிற்காது, சுவரில் மோதத் தோன்றும். ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கமும் மனசும் வழிக்கு வர இன்னும் பல வாரம் ஆகும். டிரமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மனச்சோர்வு மாத்திரைகள் மாதிரியும் மூளையில் வேலை செய்கிறது. அதனால் சிலருக்கு நிறுத்தும்போது காரணமில்லாத திகில், கைகால் எறும்பு ஊறுவது, குழப்பம், இல்லாத ஆள் தெரிவதுகூட நடக்கும். மூன்றாம் நாள் ராத்திரி சமையல் கட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று நான் கத்தினேன். பேய் பிடித்ததாக நினைத்து என் மாமியார் திருநீறு பூசிவிட்டார். இதுவும் மருந்தின் வேலைதான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

முதல் தடவை நான் செய்த தப்பு குளோனிடின். ரத்தக்கொதிப்பு மாத்திரை, 100 மைக்ரோகிராம், சின்னதாக இருக்கும். இதற்கு நல்லது என்று யாரோ சொல்ல, மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கிவிட்டேன். நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை. டிரமடால், மார்ஃபின் வகை மருந்தெல்லாம் மூளையில் இருக்கிற அபாய மணியை அமுக்கிப் பிடித்திருக்கும். கையை எடுத்ததும் மணி ஓயாமல் அடிக்கும். வியர்வை, படபடப்பு, நடுக்கம், வயிற்று முறுக்கு எல்லாம் அந்த மணிச் சத்தம். குளோனிடின் அந்த மணியை நேராகப் போய் அமுக்குகிறது. ஆனால் கூடவே பிரஷரையும் இறக்கும். வாந்தியும் பேதியுமாக உடம்பில் தண்ணியே இல்லாதபோது கேட்கவே வேண்டாம். நான் மதியம் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று போட்டு, தூக்கத்துக்கு அல்பிரசோலமும் சேர்த்துப் போட்டேன். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவள் கதவு நிலையில் மண்டையை இடித்துக்கொண்டு விழுந்தேன். தையல், ஸ்கேன் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய்.

பின்னால் அரசு ஆஸ்பத்திரி வார்டில் அதே மாத்திரையைக் கொடுத்த விதத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. ஒரு தடவைக்கு ஒரே மாத்திரை, ஆறிலிருந்து எட்டு மணி நேர இடைவெளி. ஒவ்வொரு தடவையும் முதலில் பிரஷர் பார்ப்பார்கள், உட்கார்ந்து ஒன்று, எழுந்து நின்று ஒன்று. மேல் அளவு 90-க்குக் கீழே இருந்தாலோ, நாடி 50-க்குக் கீழே போனாலோ அந்த வேளை மாத்திரை கிடையாது. நிற்கும்போது மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினாலும், தலை சுற்றினாலும் அப்படியே. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம், அப்புறம்தான் நிற்க வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து போட்ட பிறகு ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. பிரஷர் எகிறிவிடும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டாக்டர் வீட்டுக்கு எழுதிக் கொடுத்தால் கையில் கட்டுகிற பிரஷர் மிஷின் ஒன்று வாங்குங்கள், ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். மிஷின் வாங்கக் காசில்லை என்றால் குளோனிடினும் வீட்டில் வேண்டாம். இன்னொன்று, குளோனிடின் வியர்வையையும் படபடப்பையும் அடக்குமே தவிர, மாத்திரை மேல் இருக்கிற ஏக்கத்தைத் தொடாது. தூக்கத்துக்கும் கால் குடைச்சலுக்கும் பெரிதாக உதவாது. அதை எதிர்பார்த்து நான் அளவைக் கூட்டியதுதான் விழுந்ததற்குக் காரணம்.

வயிற்றுப்போக்குக்கு லோபரமைடு. முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போனதும் 2 மி.கி. டாக்டர் பார்வை இல்லாமல் ஒரு நாளைக்கு 8 மி.கி.-க்கு மேல் போகவே கூடாது. டாக்டர் சொன்னாலும் 16 தான் எல்லை. இதுவும் அபின் குடும்பத்து மருந்துதான், ஆனால் மூளைக்குள் போகாமல் குடலோடு நிற்கிறது. அப்படியிருந்தும் அள்ளிப் போட்டால் ஏக்கம் தீரும் என்று சிலர் முப்பது, நாற்பது மாத்திரை போடுகிறார்கள். அளவு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி ஆள் போய்விடும். வாந்திக்கு ஆன்டன்செட்ரான், வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின் எழுதுவார்கள். ஆன்டன்செட்ரானும் இதயத்துடிப்பைத் தொடுகிற மருந்து, லோபரமைடோடு சேர்த்துக் கண்டபடி போடாதீர்கள். உடம்பு வலிக்கு இப்யூப்ரோஃபென் கேட்கும். ஆனால் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் முதலில் தண்ணி, அப்புறம்தான் மாத்திரை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டருக்குக் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் இல்லை. ஒரே மடக்காகக் குடித்தால் திரும்ப வந்துவிடும், ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு ஸ்பூன் என்று குடித்தால் நிற்கும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர், இளநீர் எல்லாம் நல்லதுதான். மொத்தமாக யோசித்தால் இந்த அவதியில் உயிருக்கு உலை வைப்பது வலி இல்லை, நீர் வற்றுவதுதான். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, நாக்கு வறண்டு ஒட்டுகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் வீட்டில் சமாளிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், கிளம்புங்கள்.

தூக்க மாத்திரை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் ஒரு பழக்கத்தை விட இன்னொரு பழக்கத்தை வாங்குவது. அதோடு டிரமடாலுடனோ கீழே சொல்லப்போகிற மருந்துடனோ சேர்ந்தால் மூச்சை அமுக்கும். ஏற்கெனவே தினமும் அல்பிரசோலம் போடுகிறவர், தினமும் குடிக்கிறவர் எதையும் வீட்டில் திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரும். கர்ப்பமாக இருந்தாலும் அப்படித்தான். திடீரென்று நிறுத்துவது கருவுக்கே ஆபத்து, நேராக ஆஸ்பத்திரிதான்.

இரண்டாவது தடவை என் தம்பி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டான். பேர் வேண்டாம். முன்பணம் 20,000, மாசம் 15,000. முதல் ஐந்து நாள் ஒரு மாத்திரை தரவில்லை. 'வைராக்கியம் இருந்தா வெளிய வந்துடலாம்மா' என்றார் அங்கே இருந்தவர். பேதியில் நனைந்து கிடந்த எனக்கு வைராக்கியம் எங்கிருந்து வரும்? ஒன்பதாம் நாள் வந்துவிட்டேன், பணம் திரும்பவில்லை. அன்றைக்கு ராத்திரியே மாத்திரை வாங்கினேன். உங்கள் வீட்டு ஆட்களைச் சேர்க்கப் போனால் நாலு கேள்வி கேளுங்கள். மனநல டாக்டர் யார், எந்தக் கிழமை வருவார்? பிரஷர் எழுதுகிற சார்ட்டைக் காட்ட முடியுமா? முதல் வாரத்துக்கு என்ன மருந்து? மனநல பராமரிப்புச் சட்டம், 2017-ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று எங்கே? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பிவிடுங்கள்.

மூன்றாவதாகத்தான் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். போகாமல் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம், போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஜுரம். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றமாக இருந்து, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கிறவர் மேல் வழக்கு நடத்த முடியாது. டாக்டரிடம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நான் முதலில் ஆறு என்றேன், மருந்தும் ஆறுக்குத் தகுந்த மாதிரி குறைவாகவே வந்தது. சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அக்கா, நிஜமா எத்தனைங்க்கா?' என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் அழுகை வந்தது, பன்னிரண்டும் வந்தது.

அங்கே கொடுத்தது புப்ரெனார்ஃபின், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. இதை விளங்கிக்கொள்ள ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் இருக்கிற இடங்கள் சீட்டு, டிரமடால் அதில் உட்கார்ந்திருக்கிற ஆள். புப்ரெனார்ஃபின் எல்லாரையும் எழுப்பிவிட்டுத் துண்டு போட்டு இடம் பிடிக்கும். ஒரு தடவை உட்கார்ந்தால் லேசில் எழாது. ஆனால் அது கொடுக்கிற போதை பாதிதான், ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கும்போது வந்தால் பாதி நிம்மதி கிடைக்கும், உடம்பு அடங்கும். சீட்டு நிரம்பி இருக்கும்போதே வந்தால்? முழுதாக இருந்ததைப் பிடுங்கிப் பாதியைக் கொடுத்த கதை. மூன்று நாளில் வர வேண்டிய அவதி அரை மணி நேரத்தில் ஒன்றாகக் கொட்டும். ஓ.பி. வரிசையில் ஒரு அம்மா சொன்னார், அவர் மகன் சிநேகிதன் கொடுத்த இந்த மாத்திரையை வலி மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வைத்திருக்கிறான். 'உயிரோட தோலை உரிக்கிற மாதிரி கத்தினானுங்க' என்றார். அதற்குப் பிறகு இந்த மருந்தே விஷம் என்று அவன் நம்பிவிட்டான். மருந்து தப்பில்லை, நேரம்தான் தப்பு. அப்படி ஆகிவிட்டால் பழைய மாத்திரையை அள்ளிப் போடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் அதே மருந்தை இன்னும் சில தவணை கொடுத்துத்தான் சரிசெய்வார்கள்.

அதனால் முதல் மாத்திரைக்கு முன் காத்திருப்பதுதான் சிகிச்சையில் பாதி. சாதாரண டிரமடாலுக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், மெதுவாகக் கரைகிற எஸ்.ஆர். வகை என்றால் இருபத்திநாலும் அதற்கு மேலும். கடிகாரத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். நாடி, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்மணி விரிவு, மூட்டு வலி, மூக்கு ஒழுகல், வயிறு, நடுக்கம், கொட்டாவி, பதற்றம், புல்லரிப்பு என்று பதினொரு அடையாளத்துக்கு மார்க் போடுவார்கள். 5-லிருந்து 12 வரை லேசு, 13-லிருந்து 24 வரை நடுத்தரம். நான் முந்தின ராத்திரி ஒன்பதுக்குக் கடைசி மாத்திரை போட்டேன். காலையில் மார்க் 6, கொடுக்கவில்லை. கெஞ்சினேன், கொடுக்கவில்லை. மதியம் ஒன்றரைக்கு 14. அப்போதுதான் 2 மி.கி. கிடைத்தது.

வைக்கிறதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு வாய் தண்ணி குடித்து ஈரமாக்குங்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, முழுதாகக் கரைகிறவரை ஐந்து பத்து நிமிஷம் பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, தண்ணி கூடாது. விழுங்கினால் கல்லீரலே பெரும்பாலானதைத் தின்றுவிடும், வேலை செய்யவில்லை என்று நீங்கள் குறை சொல்வீர்கள். கரைந்த பிறகு வாயில் தண்ணி வைத்துக் கொப்பளித்து விழுங்குங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். இல்லாவிட்டால் பல் சொத்தையாகும். எனக்கு ஒரு மணி நேரத்தில் கொட்டாவி நின்றது. சாயங்காலம் இன்னொரு 2 மி.கி. அன்று ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினேன், காலும் சும்மா கிடந்தது. இரண்டு மூன்று நாளில் 6 மி.கி.-க்கு ஏற்றி, அதிலேயே நிலையாக வைத்தார்கள். ஹெராயின்காரர்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும், பக்கத்துப் படுக்கை அளவை உங்களோடு ஒப்பிடாதீர்கள். மலச்சிக்கல், தலைவலி, வியர்வை இதன் தொந்தரவுகள். அபின் வகை மருந்தை முறிக்கிற நாலோக்சோன் சேர்ந்த வகையையும் தருவார்கள். நாக்கடியில் வைத்தால் நாலோக்சோன் உடம்பில் ஏறாது. கரைத்து ஊசி போட்டால் உடனே அவதியைக் கிளப்பும், அதற்காகத்தான் சேர்க்கிறார்கள். தெருமுனை மெடிக்கலில் இது கிடைக்காது, எங்காவது கிடைத்தால் அது சரியான வழியாக வந்தது இல்லை.

இந்த மருந்தைச் சீக்கிரம் விட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்துவார்கள், வீட்டு ஆட்கள்தான் முதலில். 'ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்க' என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது பதில் தெரியாமல் நின்றேன். டாக்டர்தான் சொன்னார், பத்து நாளில் அவதியை மட்டும் தீர்த்து அனுப்பினால் பெரும்பாலானவர்கள் திரும்பி விழுகிறார்கள் என்று. அதில் மோசமானது, நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்திலேயே உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். பன்னிரண்டு தாங்கிய உடம்பு இப்போது பன்னிரண்டைப் போட்டால் வலிப்பு வரலாம், மூச்சே நிற்கலாம். வீட்டில் இருக்கிற மீதி அட்டையை ஞாபகார்த்தமாகக்கூட வைக்காதீர்கள். வேறு சிலருக்கு நால்ட்ரெக்சோன் 50 மி.கி. கொடுப்பார்கள், அது சீட்டை முழுதாக அடைத்துவிடும். ஆனால் கடைசி மாத்திரைக்கு ஏழிலிருந்து பத்து நாள் சுத்தமாக இருந்த பிறகுதான். முன்னாடி போட்டால் மேலே சொன்ன அதே கொடுமை, ஒரு நாள் நீளத்துக்கு.

இத்தனையும் வேண்டாம், மெல்லக் குறைக்கலாமே என்றால் அதுவும் நல்ல வழிதான், மாத்திரை இன்னொருவர் கையில் இருக்குமானால். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாசத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைப்பது உடம்பு தாங்குகிற வேகம். நானே எண்ணி நானே குறைத்தபோது திங்கள்கிழமை குறைத்ததை வியாழக்கிழமை கடன் வாங்கிவிடுவேன். யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416-க்கோ 14446-க்கோ அடியுங்கள், காசு இல்லை. முதலாவது மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம். இரண்டாவது போதைப் பழக்கத்துக்கென்றே உள்ளது. மயக்கம், மூச்சுத் திணறல் என்று 108-ஐக் கூப்பிட்டால் என்ன மாத்திரை, எத்தனை என்று வெட்கப்படாமல் சொல்லி, அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மொத்தத்தில் 41 நாள் கூலி போச்சு, மையத்துக்கும் தையலுக்குமாக 41,800 ரூபாய் போச்சு, இரண்டு வருஷ மாத்திரைக் காசைக் கணக்குப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. இடுப்பு வலி பழைய அளவுக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. மாசக்கணக்கில் போட்டால் இந்த மாத்திரைகளே வலியைக் கூட்டும் என்று பிசியோதெரபிக்காரர் சொன்னார். இப்போது 4 மி.கி.-இல் இருக்கிறேன், ஓ.பி. சீட்டை பர்சில் வைத்திருக்கிறேன். போன மாசம் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனபோது பல் டாக்டர் எழுதிய முதல் மாத்திரையே அந்தப் பழைய 37.5 தான். சீட்டை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அதை அடித்து, இப்யூப்ரோஃபென் என்று எழுதிக் கொடுத்தார்.